864 சதுர மில்லிமீட்டர்

கேமராவின் முன்மூடியைக் கழற்றினால் உள்ளே சென்சார் என்னும் ஒரு செவ்வகம் பளபளக்கிறது. அகலம் 36 மில்லிமீட்டர், உயரம் 24. பெருக்கினால் 864 சதுர மில்லிமீட்டர். ‘ஃபுல் ஃப்ரேம் சார்’ என்று சொல்லிக் கடைக்காரர் விலையை ஏற்றுவது இந்தச் செவ்வகத்துக்காகத்தான். கையில் ஏறும் எடை, லென்ஸின் பருமன், ராத்திரியில் எடுத்த படம் சுத்தமாக விழுவது, ஒரு கண் கூர்மையாக இருக்க மறு கண் மங்கிப்போவது என்று புதிதாக வாங்கியவர் முதல் சில நாட்களில் கவனிக்கும் பெரும்பாலானவற்றின் நூலைப் பிடித்துக்கொண்டு போனால் இந்தப் பரப்பளவில்தான் போய் முடியும்.

நான் கையில் எடுத்தது நிக்கான் இசட் 6. 2018-இல் வெளிவந்த கேமரா. அதற்குப் பிறகு அதே வரிசையில் இரண்டு தலைமுறைகள் வந்துவிட்டன. ஆகவே சந்தைக்கு அது பழையது, எனக்குப் புதியது. அதன் சென்சாரின் சரியான அளவு 35.9-க்கு 23.9, அந்தத் துளி வித்தியாசத்தை விட்டுவிடலாம். இதைவிடச் சிறிய செவ்வகம் கொண்ட க்ராப் சென்சார் கேமராவும் கைப்பேசியுமாகப் பழகிய கைக்கு இது என்னென்ன புதிதாகக் காட்டுகிறது, அவற்றுக்கெல்லாம் காரணம் என்ன என்று பார்ப்போம். வேறு நிறுவனத்தின் ஃபுல் ஃப்ரேம் கேமரா வைத்திருப்பவருக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

இந்த அளவு எப்படி வந்தது?

36-க்கு 24 என்பது எந்த ஆய்வகத்திலும் கணக்குப் போட்டுத் தீர்மானித்த அளவல்ல. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கார் பர்னாக், 1913-14 வாக்கில் தன் உபயோகத்துக்கென்று ஒரு சிறிய கேமரா செய்துகொண்டார். அவர் ஆஸ்துமாக்காரர். அந்தக் காலத்துக் கனத்த கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு ஊர் சுற்ற அவரால் முடியவில்லை. சினிமாவுக்காக வந்திருந்த 35 மி.மீ. ஃபிலிமை எடுத்தார். சினிமாவில் ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடும். ஒரு ஃப்ரேம் 24-க்கு 18 மி.மீ. பர்னாக் ஃபிலிமைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, இரண்டு சினிமா ஃப்ரேம் பிடிக்கும் இடத்தை ஒரே படத்துக்குக் கொடுத்தார். 1925-இல் லைப்ஸிக் வசந்தகாலச் சந்தையில் லைக்கா என்ற பெயரோடு அது வெளியே வந்தது. அடுத்த முக்கால் நூற்றாண்டில் கோடிக்கணக்கான லென்ஸ்கள் இந்தச் செவ்வகத்தை நிரப்புவதற்காகவே கடையப்பட்டன.

டிஜிட்டல் வந்தபோது லென்ஸ்கள் தயாராக இருந்தன, சிலிக்கான்தான் தயாராக இல்லை. 1999-இல் வந்த நிக்கான் டி1-இன் சென்சார், ஃபிலிம் ஃப்ரேமின் பரப்பில் பாதிகூட இல்லை. காரணம் உற்பத்தியில் இருந்தது. சிலிக்கான் வட்டத் தகடாக வருகிறது. 200 மி.மீ. விட்டமுள்ள ஒரு தகட்டின் பரப்பு சுமார் 31,400 சதுர மி.மீ. அதை 864-ஆல் வகுத்தால் 36 சென்சார். வட்டத்துக்குள் செவ்வகங்களை அடுக்கும்போது ஓரத்தில் வீணாவதைக் கழித்தால் இன்னும் குறையும். தகட்டில் அங்கங்கே பழுது விழுவது தவிர்க்க முடியாதது. நூற்றுக்கணக்கான சின்னச் சிப்புகளாக வெட்டும் தகட்டில் பத்துப் பழுது விழுந்தால் பத்து சிப்பு போகும், மிச்சமெல்லாம் விலைபோகும். முப்பது சென்சாராக வெட்டும் தகட்டில் அதே பத்து விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குப் போகும்.

இன்னொரு முட்டுக்கட்டையும் இருந்தது. சிலிக்கான்மேல் மின்சுற்றை ஒளியால் அச்சிடும் இயந்திரங்கள் ஒரே தடவையில் அச்சிடும் பரப்பு, பெரிது என்றாலும் 26-க்கு 33 மி.மீ. 36 மி.மீ. அதற்குள் அடங்காது. சென்சாரைப் பகுதி பகுதியாக அச்சிட்டு, தையல் தெரியாமல் சேர்க்க வேண்டும். 2002-இல் கான்டாக்ஸ் என் டிஜிட்டலும் கேனன் 1டிஎஸ்ஸும் ஃபுல் ஃப்ரேமாக வந்தபோது கேனனின் விலை அமெரிக்காவில் 8,000 டாலரைத் தொட்டது இப்படித்தான். 2005-இல் வந்த கேனன் 5டி அந்த விலையைப் பாதிக்கும் கீழே இறக்கியது. நிக்கான் 2007-இல் டி3-யோடு வந்து சேர்ந்தது. 2013-இல் சோனி ஏ7 ஃபுல் ஃப்ரேமுக்குள் இருந்த கண்ணாடியையே எடுத்துவிட்டது. இசட் 6 அந்த வழியில் வந்த கேமரா.

கையும் கழுத்தும்

பேட்டரியும் கார்டும் போட்டு 675 கிராம். ஃபுல் ஃப்ரேம் என்று சொல்லிக் கேட்ட பயமுறுத்தலுக்கு இது குறைச்சல்தான். உள்ளே கண்ணாடிக் கூடு இல்லாததே காரணம். எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸ் வழியே வரும் ஒளியை மேலே திருப்பி வியூஃபைண்டருக்கு அனுப்ப, 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி நிற்கும். படம் எடுக்கும்போது அது மேலே எழும்பி வழிவிட வேண்டும். எழும்புவதற்கு இடம் வேண்டும் என்பதால், 1959-இல் வந்த நிக்கான் எஃப் மவுண்ட்டில் லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே 46.5 மி.மீ. இடைவெளி விட்டார்கள். இசட் மவுண்ட்டில் அது 16 மி.மீ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 30.5 மி.மீ.தான் பழைய லென்ஸ்களை மாட்டும் அடாப்டரின் நீளம். அதற்குள் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் காற்று.

விரலால் தடவினால் தெரிவது மவுண்ட்டின் வாய் அகலம். உள்விட்டம் 55 மி.மீ., பாடியின் உயரத்தில் பாதிக்கு மேல். அகன்ற வாயும் குறைந்த இடைவெளியும் லென்ஸ் வடிவமைப்பவருக்குப் பெரிய வசதி. வைடு ஆங்கிள் லென்ஸின் கடைசிக் கண்ணாடி சென்சாருக்குக் கிட்டத்தில் வர முடிந்தால் வடிவம் எளிதாகும். எஸ்.எல்.ஆர். காலத்தில் எழும்பும் கண்ணாடிக்கு ஒதுங்கி நின்றே ஒளியைக் குவிக்க வேண்டியிருந்தது. அதற்காக லென்ஸின் முன்பக்கத்தில் பெரிய கண்ணாடிகளை அடுக்கினார்கள். இந்த மவுண்ட்டால் என்ன முடியும் என்று காட்டுவதற்காகவே 2019-இல் நிக்கான் 58 மி.மீ. எஃப்/0.95 லென்ஸ் ஒன்றை வெளியிட்டது. எடை 2 கிலோ, கேமராவின் எடையில் ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஃபுல் ஃப்ரேமின் உண்மையான சுமை லென்ஸில்தான் இருக்கிறது. பாடியை எவ்வளவு சுருக்கினாலும் செவ்வகத்தின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. எந்த லென்ஸாக இருந்தாலும் குறைந்தது அவ்வளவு விட்டத்துக்கு, மூலை வரைக்கும் கூர்மையாகப் பிம்பத்தைப் போட்டாக வேண்டும். கூடவே வரும் 24-70 எஃப்/4 லென்ஸ் 500 கிராம். இரண்டும் சேர்ந்து கழுத்தில் தொங்கினால் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பையில் அடங்குவதற்காக இந்த லென்ஸைச் சுருக்கி வைக்கும் ஏற்பாடு உண்டு. சுழற்றி நீட்டாமல் பட்டனை அழுத்தினால் கேமரா படமெடுக்காது. லென்ஸை நீட்டச் சொல்லித் திரையில் எழுதிக் காட்டும். இந்தக் கேமராவைப் புதிதாகத் தொடுகிறவர்கள் முதலில் படிக்கும் வாசகம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

லென்ஸைக் கழற்றும்போது சென்சார் அப்படியே வெளியில் தெரிவது எஸ்.எல்.ஆர். பழக்கம் உள்ளவருக்கு நெஞ்சைப் படபடக்க வைக்கும். அதில் கண்ணாடியும் ஷட்டரும் மறைத்துக்கொண்டிருக்கும். இதில் காட்சியை எந்நேரமும் சென்சாரே பார்த்துக்கொண்டிருப்பதால் ஷட்டர் திறந்தபடியே இருக்கிறது, அணைத்தாலும் மூடுவதில்லை. லென்ஸ் மாற்றும்போது பாடியின் வாயைத் தரை நோக்கிப் பிடிக்கும் பழக்கத்தை உடனே கற்றுக்கொள்வது நல்லது.

திரைக்குள் தெரியும் உலகம்

வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் தெரிவது நேரடிக் காட்சி அல்ல, உள்ளே இருக்கும் குட்டி ஓ.எல்.இ.டி. திரை. விளம்பரத்தில் 36.9 லட்சம் புள்ளி என்று போட்டிருப்பார்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எண்ணிய கணக்கு அது. பிக்சலாகப் பார்த்தால் 1280-க்கு 960, அதாவது 12.3 லட்சம். கண்ணாடி வழியே பார்த்துப் பழகியவருக்கு முதலில் ஓர் அந்நியம் தட்டும். கொஞ்ச நேரத்தில் அதன் லாபம் புரிந்துவிடும். எக்ஸ்போஷரைக் கூட்டினால் காட்சி வெளுக்கிறது, குறைத்தால் கறுக்கிறது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவரின் முகம் இருண்டுபோகும் என்பதை எடுத்த பிறகு பார்த்து வருத்தப்பட வேண்டாம். எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

இதற்கான செலவு பேட்டரியில் விழுகிறது. சென்சாரும் திரையும் ஓயாமல் வேலை செய்தாக வேண்டும். ஜப்பானின் சிப்பா அமைப்பு வகுத்த சோதனை முறைப்படி இசட் 6 ஒரு சார்ஜுக்கு 310 படம். 2014-இல் கண்ணாடியோடு வந்த நிக்கான் டி750 அதே முறையில் 1,230 படம். நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும் என்றாலும், முகூர்த்தத்துக்குப் போகிறவர் பையில் மாற்று பேட்டரி இல்லாமல் கிளம்ப மாட்டார்.

கீற்றும் பட்டையும்

ஷட்டர் சத்தம் மெலிதாக இருக்கிறது. கண்ணாடி எழும்பி விழும் ‘கடக்’ போய்த் திரைகளின் சத்தம் மட்டும் மிச்சம். சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் செங்குத்தாக ஓடுகின்றன. முதல் திரை திறந்துகொண்டு போக, இரண்டாவது மூடிக்கொண்டு பின்னால் வரும். 24 மி.மீ. உயரத்தை ஒரு திரை கடக்க எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு விநாடியில் 250-இல் ஒரு பங்கு. அப்படியென்றால் 1/8000 விநாடி எப்படிக் கிடைக்கிறது? முதல் திரை பாதை முடிப்பதற்குள் இரண்டாவது புறப்பட்டுவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கீற்று, சென்சாரை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை துடைத்துக்கொண்டு போகிறது. 1/200-க்கு மேல் சாதாரண முறையில் ஃப்ளாஷ் போட முடியாததற்கும் இதுவே காரணம். அதற்கு மேலான வேகத்தில் சென்சார் முழுதும் ஒருசேரத் திறந்திருக்கும் கணமே கிடையாது. கண்மூடித் திறப்பதற்குள் அணையும் ஃப்ளாஷ், படத்தின் ஒரு பகுதியில் மட்டும் விழும்.

சத்தமே வராத எலக்ட்ரானிக் ஷட்டரும் உண்டு. கச்சேரியிலோ தூங்கும் குழந்தைக்குப் பக்கத்திலோ அதைப் போட்டுவிடத் தோன்றும். ஆனால் சென்சார் தன் கணக்கை வரிசை வரிசையாகத்தான் படித்துக் கொடுக்கிறது. இசட் 6-இல் 4,024 வரிசைகளையும் படித்து முடிக்கச் சுமார் 1/20 விநாடி ஆகிறது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. சோக் போட்ட பழைய டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி.யும் அதனால் விநாடிக்கு 100 தடவை மங்கி எழுகின்றன. 1/20 விநாடிக்குள் ஐந்து தடவை. ஷட்டரை 1/500-இல் வைத்து எடுத்தால் படத்தின் குறுக்கே ஐந்து இருண்ட பட்டைகள். 1/100-க்கு இறக்கினால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முழுத் துடிப்பின் வெளிச்சம் கிடைத்துப் பட்டை மறைந்துவிடும். ஓடும் பஸ் சாய்ந்து தெரிவதற்கும் இந்த மெதுவான படிப்பே காரணம். 2021-இல் வந்த நிக்கான் இசட் 9-இல், பல அடுக்குகளாகக் கட்டிய சென்சார் வரிசைகளை மிக வேகமாகப் படிப்பதால், இயந்திர ஷட்டரே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

துகள்களின் எண்ணிக்கை

வாங்குகிறவர்களை இந்தப் பெரிய சென்சாரை நோக்கி இழுப்பது இரவுப் படங்கள். அதன் காரணம் ஒளியின் குணத்தில் இருக்கிறது. ஒளி ஃபோட்டான் என்னும் துகள்களாக வருகிறது, சீரான இடைவெளியில் வருவதில்லை. தூறல் விழத் தொடங்கும்போது முற்றத்துத் தளக்கற்களைப் பாருங்கள். ஒரு கல்லில் மூன்று சொட்டு, பக்கத்தில் ஏழு, அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை. வானம் எந்தக் கல்லுக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. எண்ணிக்கை குறைவாக இருப்பதால் ஏற்ற இறக்கம் கண்ணில் படுகிறது. மழை வலுத்ததும் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி நனைந்துவிடும்.

இதன் கணக்கு எளிது. சராசரியாக 100 ஃபோட்டான் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 10. அதாவது நூற்றுக்குப் பத்து. 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, அது நூற்றுக்கு ஒன்றுதான். படத்தின் இருண்ட பகுதிகளில் நெளியும் நாய்ஸில் பெரும்பங்கு இந்த ஏற்ற இறக்கமே. ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் நாய்ஸ் வரும் என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டும்போது சென்சாருக்குக் குறைந்த ஒளியைக் கொடுத்துவிட்டுப் படத்தைப் பெருக்கிக் காட்டச் சொல்கிறோம். நாய்ஸ் பிறப்பது அந்தக் குறைச்சலில்.

ஒரே எக்ஸ்போஷரில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு விழும் ஃபோட்டான்கள் எல்லாக் கேமராவிலும் ஒரே அளவுதான். ஆகவே மொத்தம் எவ்வளவு என்பதைப் பரப்பு தீர்மானிக்கிறது. நிக்கானின் க்ராப் சென்சார் சுமார் 370 சதுர மி.மீ.; ஃபுல் ஃப்ரேம் அதில் 2.3 மடங்கு. விலை உயர்ந்த கைப்பேசிகளில் காணும் பெரிய சென்சார் ஒன்று சுமார் 70 சதுர மி.மீ.; ஃபுல் ஃப்ரேம் அதில் 12 மடங்கு. மூன்றிலும் எடுத்த படத்தை ஒரே அளவுக்கு அச்சிட்டுப் பக்கத்தில் வைத்தால் வர்க்கமூலக் கணக்குப்படி க்ராப் சென்சாரைவிட ஒன்றரை மடங்கும், கைப்பேசியைவிட மூன்றரை மடங்கும் சுத்தம்.

ஒற்றை பல்பு எரியும் டீக்கடையை ஐ.எஸ்.ஓ. 6400-இல் எடுத்தால் இந்த எண்கள் கண்ணுக்குத் தெரியும். பாய்லரின் பித்தளை விளிம்பும் ஆற்றும் டீயின் இழையும் எந்தக் கேமராவிலும் நன்றாகத்தான் வரும், அங்கே ஒளி தாராளம். மாஸ்டரின் கறுப்புச் சட்டையைப் பார்க்க வேண்டும். க்ராப் சென்சாரில் அது ஊதாவும் பச்சையுமாகப் புள்ளி விழுந்த கறுப்பு. இதில் தோளில் விழும் மடிப்பு தெரிகிறது, பைக்குள் இருக்கும் பேனாவின் கிளிப் தெரிகிறது, பின்னால் நிழலில் அடுக்கிய பிஸ்கட் பாட்டில்களை எண்ண முடிகிறது.

பரப்போடு வேறு சில கைவேலைகளும் சேர்ந்திருக்கின்றன. இசட் 6-இல் 6,048-க்கு 4,024 பிக்சல், ஒவ்வொன்றும் 5.9 மைக்ரான். ஒரு தலைமயிரின் குறுக்கே பத்துக்கு மேல் நிறுத்தலாம். பழைய வகைச் சென்சாரில் மின்கம்பிகள் பிக்சலுக்கு மேலே ஓடி ஒளியின் ஒரு பங்கை மறித்தன. இதில் சிலிக்கானைத் திருப்பிப் போட்டுக் கம்பிகளை அடியில் தள்ளிவிட்டார்கள். ஒவ்வொரு பிக்சலின் தலையிலும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒரு வடிகட்டி. மொத்தத்தில் பாதி பச்சை, ஏனென்றால் வெளிச்ச வேறுபாட்டை நம் கண் பச்சையில்தான் கூர்ந்து உணர்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாட்டில் உள்ளே வரும் ஒளியின் பெரும்பகுதி வடிகட்டியிலேயே கழிந்துவிடுகிறது. மிச்சத்தில்தான் படம்.

மூக்குத்தியும் கண்ணும்

அடுத்து கவனத்தில் படுவது ஃபோகஸின் மெல்லிய தளம். மூக்குத்தி போட்ட ஒரு பாட்டியை 85 மி.மீ. லென்ஸில் எஃப்/1.8 வைத்து 1.2 மீட்டர் தூரத்திலிருந்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே 2 செ.மீ. கண்ணில் ஃபோகஸ் இருந்தால் இமைமயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். கண்ணுக்கு ஓரங்குலம் முன்னால் இருக்கும் மூக்குத்திக் கல் ஒளிவட்டமாக விரிந்திருக்கும். காதிலிருக்கும் தோடு இன்னும் பெரிய வட்டம். முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் மறு கண்ணும் போய்விடும். க்ராப் சென்சாரிலோ கைப்பேசியிலோ எடுத்தபோது ‘முகத்தில் ஃபோகஸ்’ என்றால் போதும். இங்கே எந்தக் கண் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நல்லவேளையாக ஃபோகஸ் செய்யும் முறையும் மாறியிருக்கிறது. எஸ்.எல்.ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் கேமராவின் அடியில் தனியாக இருந்தது. அதற்கும் படம் விழும் இடத்துக்கும் மயிரிழை வித்தியாசம் வந்தாலும் ஃபோகஸ் முன்னேயோ பின்னேயோ தள்ளி விழும், 2 செ.மீ. ஆழத்தில் அது பெரிய தப்பு. இசட் 6-இல் படம் பிடிக்கும் சென்சாரிலேயே சில பிக்சல்கள் ஜோடி ஜோடியாக இந்த வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஜோடியில் ஒன்று லென்ஸின் இடது பாதி வழியாகவும் மற்றது வலது பாதி வழியாகவும் வரும் ஒளியை வாங்கும். இரண்டு பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் ஃபோகஸ் சரி. விலகியிருந்தால் எந்தப் பக்கம், எவ்வளவு என்பது அந்த விலகலிலிருந்தே தெரியும். தேடித் தடுமாற வேண்டியதில்லை. ஃபோகஸ் புள்ளிகள் 273, சட்டகத்தின் அகலத்திலும் உயரத்திலும் 90 சதவீதம் வரை பரவியிருக்கின்றன. கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி 2019 மே மாதம் மென்பொருள் புதுப்பிப்பாக வந்து சேர்ந்தது.

சென்சாரே அசையும் என்பது இன்னொரு புதுமை. காந்தங்களால் தாங்கப்பட்ட சென்சார், கை நடுங்கும் திசைக்கு எதிராக ஐந்து வகையில் நகர்ந்து நடுக்கத்தை ஈடுகட்டுகிறது. கணக்கு 5 ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்பது ஒளியின் இரட்டிப்பு. ஐந்து ஸ்டாப் 32 மடங்கு. 50 மி.மீ. லென்ஸில் கையில் பிடித்து 1/50 விநாடியில் எடுக்கிறவர் ஏட்டளவில் அரை விநாடிக்கு மேல் போகலாம். கை நடுக்கத்துக்கு மட்டும்தான் இந்த மருந்து. எதிரே ஆடும் பிள்ளையை இது நிறுத்தாது.

எது உண்மையில் பெரியது?

சென்சார் பெரிதானால் படம் தானாக நன்றாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு அவ்வளவு தாராளமாக இல்லை.

க்ராப் கேமராவில் 35 மி.மீ. லென்ஸை எஃப்/2.8-இல் வைத்து ஒரு படம் எடுக்கிறோம். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம்: 12.5 மி.மீ. ஃபுல் ஃப்ரேமில் அதே காட்சி அடங்க 53 மி.மீ. வேண்டும். பின்னணி அதே அளவு மங்க வேண்டும், அதே ஆழம் கூர்மையாக வேண்டும் என்றால் எஃப்/4.2-க்கு இறக்க வேண்டும். 53-ஐ 4.2-ஆல் வகுத்தாலும் வருவது ஏறக்குறைய 12.5 மி.மீ. அதே துளை, அதே ஷட்டர் வேகம் என்பதால் உள்ளே போகும் மொத்த ஒளியும் அதே அளவுதான். பெரிய பரப்பில் பரவி விழுவதால் ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் குறைவாகவே கிடைக்கும், ஐ.எஸ்.ஓ.வை அதற்கேற்ப ஏற்ற வேண்டும். முடிவில் நாய்ஸும் ஒன்றாகவே இருக்கும். கடன் வாங்கிப் பெரிய கேமரா வாங்கியவர் எல்லோரும் ஃபோகஸில் இருக்க வேண்டும் என்று குடும்பப் படத்தை எஃப்/8-இல் எடுத்தால், க்ராப் கேமராக்காரர் எஃப்/5.3-இல் எடுத்த படத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தேட வேண்டியதுதான்.

படத்துக்குள் வரும் ஒளியை அளப்பது துளை. பெரிய சென்சார் செய்வது, பெரிய துளையை வசதியாகப் பயன்படுத்த இடம் கொடுப்பது. 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸின் துளை 47 மி.மீ. அகலம். மேலே சொன்ன கைப்பேசியின் பிரதான லென்ஸும் எஃப்/1.8 என்றே போட்டுக்கொள்ளும், அதன் துளை 4 மி.மீ.கூட இல்லை. இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வெட்டும். கூடவே வரும் எஃப்/4 லென்ஸைப் போட்டுவிட்டால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு விழும் ஒளி எஃப்/1.8-இல் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். 12 மடங்குப் பரப்பு கொடுத்த லாபம் 2.4 மடங்காகச் சுருங்கும். கைப்பேசி அதோடு நிற்காமல், பட்டனை அழுத்திய நேரத்தில் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது. பரப்பில் இழந்ததை நேரத்தில் ஈடுகட்டும் தந்திரம் அது. அசையாத கோபுரத்துக்கு அது அருமையாக வேலை செய்யும். பட்டாசு வெடிப்பதைப் பார்த்து ஓடும் பிள்ளைகளுக்குத் திணறும், ஏனென்றால் அடுத்தடுத்த படங்களில் பிள்ளை வேறு வேறு இடத்தில் இருக்கிறது. ‘என் போன்லயே இப்படித்தான் வருது’ என்று எஃப்/4 லென்ஸோடு வீட்டுக்குள் படம் எடுத்தவர் சொன்னால் அவர் கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை.

கோப்பின் செழுமையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரா கோப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 14 பிட், 16,384 படிகள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். வெயிலில் வெள்ளை வேட்டியையும் நிழலில் கதவையும் ஒரே படத்தில் எடுத்து, பிறகு கணினியில் நிழலை மட்டும் மேலே தூக்கும்போது இந்தப் படிகள் கை கொடுக்கின்றன. அங்கேயும் இருட்டில் எத்தனை ஃபோட்டான் விழுந்தது என்பதே எல்லை.

வாங்கலாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் கடையில் இல்லை, உங்கள் பழைய படங்களில் இருக்கிறது. ஒவ்வொரு கோப்பும் தான் எடுக்கப்பட்ட எஃப் எண்ணையும் ஐ.எஸ்.ஓ.வையும் தன்னோடு வைத்திருக்கும். கடந்த ஒரு வருடப் படங்களைத் திறந்து பாருங்கள். பெரும்பாலானவை வெளிச்சத்தில், எஃப்/5.6, எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 100, 200 என்று இருந்தால் பெரிய சென்சார் உங்களுக்குத் தரப்போவது கழுத்து வலியும் கடன் தவணையும். அந்தப் பணத்துக்கு ஹம்பி வரைக்கும் ஒரு நடை போய்வரலாம். கல்யாண மண்டபம், நாடக மேடை, வீட்டுக்குள் விளையாடும் பேரன் என்று ஐ.எஸ்.ஓ. 3200-க்கு மேலேயே நிற்கிறவர் என்றால் கேள்வியே வேண்டாம்.

அப்போதும் பட்ஜெட்டை லென்ஸிலிருந்து தொடங்குங்கள். முதலில் எஃப்/1.8 லென்ஸ் ஒன்றுக்குப் பணத்தை ஒதுக்கிவிட்டு, மீதிக்கு எந்தப் பாடி கிடைக்கிறது என்று பாருங்கள். இரண்டு தலைமுறை பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. புது பாடியில் சுமாரான லென்ஸ் போட்டவரைவிடப் பழைய பாடியில் நல்ல லென்ஸ் போட்டவர் இருட்டில் கூடுதல் ஒளி வாங்குவார். பாடியில் வருடா வருடம் மாறுவது ஃபோகஸின் சாமர்த்தியமும் வீடியோவும் வேகமும்தான். 47 மி.மீ. துளை எந்த வருடமும் 47 மி.மீ.தான்.